ஒஸ்டினும் மொரிஸும் அக்காவும்

என் அண்ணனிடம் மொரிஸ் மைனர் இருந்தது. என்னிடம் ஒஸ்டின் ஏ-40 சொமர்செட் இருந்தது. இரண்டில் எது நல்ல கார் என்று நாங்கள் முப்பது வருடத்துக்கு மேல் வாதாடினோம். இப்போது வாதாடுவதில்லை. ஏன் என்பதை எழுதிவைக்கப் போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாரும் எனக்குச் சொல்ல வரவேண்டாம். ஆறாது.

ஒஸ்டின் எங்கள் அப்பா வாடகைக்கு ஹயர் ஓடிய கார். அவர் கண் மூடுவதற்கு முன் அதை எனக்கென்று சொல்லிவிட்டுப் போனார். மூத்த ஆண்பிள்ளை அண்ணன்தான். ஆறு மாதம் கழித்து எங்கிருந்தோ ஒரு மொரிஸ் மைனரைக் கொண்டுவந்து என் ஒஸ்டினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இதுதான்டா கார்" என்றார். சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

இரண்டு காரும் நின்றது எங்கள் இருவருக்கும் மூத்த அக்காவின் வீட்டு வளவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அண்ணன் களுதாவளைக்குப் போனார். நான் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பெட்டிக்கு இடம் கொடுத்த எங்கள் மனைவிமார் காருக்கு இடம் கொடுக்கவில்லை. "இந்தப் பழைய இரும்பெல்லாம் என்ட வளவுக்குள்ள வேணாம்" என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆகவே வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அக்காவின் வீட்டுக் கொட்டிலுக்குள் இரண்டும் தோளோடு தோள் நின்றன. நாங்கள் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய் எங்கள் கார்களைப் பார்த்துவிட்டு வருவோம். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

வாதம் எஞ்சினில் தொடங்கும். ஒஸ்டினுக்கு ஆயிரத்து இருநூறு சிசி, நாற்பத்திரண்டு குதிரை வலு. மொரிஸுக்குத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சிசி, முப்பத்தேழு குதிரை. இதை நான் சொன்னால் அண்ணன் உடனே பாரத்துக்குத் தாவுவார். "உன்ட கூட இருக்கிற அஞ்சு குதிரையும் உன்ட காரின்ட பாரத்தை இழுக்கவே காணாதுடா." அது உண்மைதான். ஒஸ்டினுக்கு அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் உடம்பு. மொரிஸுக்கு உடம்பே சட்டம். அதனால் அது பாரம் குறைவு, பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். வளைவில் ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்பும். ஒஸ்டினைத் திருப்புவதென்றால் முன்கூட்டியே அதற்கு அறிவிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். அண்ணனிடம் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒஸ்டினுக்கு இருந்த ஒரே பெரிய பலம் உயரம். அதன் சில்லு பதினாறு அங்குலம், மொரிஸின் சில்லு பதினான்கு. மாரியில் எங்கள் றோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயும் இடங்களில் மொரிஸின் எஞ்சினுக்குள் தண்ணீர் அடித்துக் கார் நின்றுவிடும். ஒஸ்டின் போய்விடும். "வெள்ளத்துல போறதுக்கு நான் ஏன் கார் வாங்கோணும், தோணி வாங்கமாட்டனா?" என்பார் அண்ணன்.

அவரிடம் ஒரு பெருமை இருந்தது. அந்தக் காரில் கொம்பனி பூட்டிவிட்ட ஆணி ஒன்றைக்கூட அவர் மாற்றியதில்லை. மாற்றிய கார்களைக் கண்டால் "கலப்படம்" என்று காறித் துப்புவார். யாராவது பழைய காருக்கு யப்பான் வான் சாமான் ஏதாவது பூட்டியிருந்தால் அந்த ஆளோடு பேச்சே நின்றுவிடும். நானும் சளைக்கவில்லை. "என்ட ஒஸ்டினும் அப்பா தந்த மாதிரியே இரிக்கு" என்று அவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அது உண்மையாகவும் இருந்தது, ஒரு கட்டம் வரை.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போனது மூன்று வருடத்துக்கு முன். அவள் கணவன் இல்லாதவள். ஒரே மகள் கனடாவில். கிழமையில் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நான்கு மணித்தியாலம் மெஷினில் கிடக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும் என்று டொக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அந்தத் தண்ணீர் கடைசியில் நெஞ்சுக்குள் போகும், மூச்சு முட்டும் என்றும் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் சொல்ல முடியாது.

ஓட்டோவின் குலுக்கல் அவளுக்கு ஒத்துவரவில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணனின் மொரிஸ், வெள்ளிக்கிழமை என் ஒஸ்டின் என்று முடிவாயிற்று. அக்கா இருந்த வருத்தத்திலும் சிரித்தாள். "இனி உங்கட வழக்குக்கு நான்தான் நீதவான்" என்றாள்.

அப்படிச் சிரிப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அக்கா பின் சீட்டில் சரிந்தபடி, "பெரிய தம்பிட காருல வந்தா இடுப்பு நோகுறது குறைவு, என்ன" என்றாள். குத்திக்காட்டவில்லை, அலுப்பில் வந்த சொல். எனக்கு நெஞ்சுக்குள் புகைந்தது. அறுபத்தைந்து வயதில், சாகக் கிடக்கும் அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு, அண்ணனிடம் தோற்றுவிட்டேனே என்று புகைந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான். இதை வாசிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த கிழமையே களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும், கார் வயரிங் செய்யும் மெக்கானிக் பாசிடம் ஒஸ்டினைக் கொண்டுபோனேன். அக்காவுக்குப் பழைய பாட்டுகள் உயிர். காருக்குள் ஒரு பாட்டுப் பெட்டி பூட்டிவிட்டால் அவள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்பாள் என்பது என் கணக்கு. பாஸ் தலையைச் சொறிந்தார். பழைய இங்கிலீசுக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனையைத்தான் காரின் பொடியோடு, அதாவது இரும்பு உடம்போடு, பூட்டியிருப்பார்கள். இந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு மைனஸ்தான் பொடியில் இருக்க வேண்டும். "பாட்டு வேணுமெண்டா பற்றரிய மாத்திப் போடோணும் ஐயா. டைனமோவுக்கும் ஒரு தட்டுத் தட்டிவிட்டாச் சரி. வெளியில பாத்தா ஒருத்தனுக்கும் தெரியா." அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்துவிட்டது. செய்யச் சொன்னேன். காரை எடுக்கும்போது பாஸ் ஜன்னலுக்குள் குனிந்து, "மத்தப் பழைய காருகள்ட பற்றரியில இருந்து வயர் குடுக்கக்குள்ள மட்டும் கவனம். இது இப்ப தலைகீழ்" என்றார். சரி சரி என்று கிளம்பினேன்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலம் ஏறும்போது பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாள். அண்ணன் பெட்டியைக் கண்டுவிட்டு, "இது எப்பிடிடா இதுல வேலை செய்யுது?" என்று கேட்டார். "சீட்டுக்குக் கீழ சின்னப் பற்றரி ஒண்டு தனியா வச்சிரிக்கன். காருல கை வைக்கல்ல" என்றேன். நம்பினார். என் அண்ணன் என்னை எதிர்த்து ஆயிரம் பேசுவார், ஆனால் நான் சொல்வதைச் சந்தேகப்பட மாட்டார்.

போன மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிப்போய்த் திரும்பினேன். அன்று பின்னேரம் மழை பிடித்தது. காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு அவசரமாகக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். பாட்டு முடிந்து சத்தம் நின்றிருந்தது, பெட்டியை அணைக்கவில்லை. அது நேராகப் பற்றரியில் பூட்டிய பெட்டி, சாவியை எடுத்தாலும் அணையாது. சனி, ஞாயிறு, திங்கள் மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை வயல் வட்டையெல்லாம் ஒரே தண்ணீர், பஸ் இல்லை, ஓட்டோக்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றார்கள். எங்களால் அக்காவிடம் போகவே முடியவில்லை. செவ்வாய்த் தவணை தவறிப்போனது.

புதன்கிழமை காலை தண்ணீர் கொஞ்சம் வற்றியது. வட்டைக்குப் போன ஒரு டிரக்டரில் தொற்றிக்கொண்டு அண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தோம். அக்கா விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முன்னால் குனிந்தபடி இருந்தாள். முகம் ஊதிப்போயிருந்தது. படுத்தால் மூச்சு வரவில்லையாம், இரவெல்லாம் இருந்தபடியே கழித்திருக்கிறாள். "வந்திட்டிங்களா" என்று கேட்பதற்கே இரண்டு முறை மூச்சு எடுத்தாள். அம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம். எல்லா இடமும் வெள்ளம், வர நேரமாகும் என்றார்கள்.

டிரக்டர்க்காரர் எஞ்சினை நிறுத்தாமல் கேட்டார், "நான் பின் பெட்டில ஏத்திக்கொண்டு பாலத்தடிக்கு விடவா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "ஒஸ்டின் இரிக்கக்குள்ள என்னத்துக்கு அக்காவ டிரக்டர் பெட்டில ஏத்துற? நீங்க போங்க தம்பி." அவர் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் அதைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் மீதி எல்லாவற்றையும் கொடுப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். றோட்டில் முழங்காலுக்குத் தண்ணீர். மொரிஸால் முடியாது. ஒஸ்டினால் முடியும். முப்பது வருட வழக்குக்கு இன்றைக்குத் தீர்ப்பு என்று நினைத்தேன்.

ஒஸ்டினில் ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரு முக்கல்கூட இல்லை. பாட்டுப் பெட்டியில் ஒரு நீல வெளிச்சம் மங்கலாக, இப்பவோ பிறகோ என்று எரிந்துகொண்டிருந்தது. ஐந்து நாள் எரிந்து பற்றரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. எஞ்சினைச் சுழற்றும் கம்பியைப் போட்டு முன்னால் நின்று சுற்றிப் பார்த்தோம். பற்றரி செத்தால் எஞ்சினுக்குள் பொறி வராது, கம்பியால் சுற்றியும் பயனில்லை. தள்ளலாம் என்றால் வளவு முழுக்கச் சேறு. மொரிஸ் மட்டும் அண்ணன் தொட்டதும் கிளம்பியது. ஆனால் கிளம்பி என்ன, அதனால் வெள்ளத்தைத் தாண்ட முடியாது. ஓடுகிற கார் உயரம் குறைவு, உயரமான கார் பிணம்.

அண்ணன் நிதானமான ஆள். யோசித்துவிட்டுச் சொன்னார், "என்ட பற்றரியக் கழட்டி உன்ட காருக்குப் போடுவம். பத்து நிமிசம்."

அதுதான் சரியான வழி. அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பற்றரியைக் கழற்றினால் வயர் இரண்டும் மாறிப் பூட்டியிருப்பதை அண்ணன் கண்டுவிடுவார். கலப்படம் என்பார். பெட்டிக்குத் தனிப் பற்றரி என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வேணாம் அண்ணே, உங்கட பற்றரியில இருந்து வயர் குடுப்பம். அது கெதி" என்றேன்.

பாஸ் சொன்னது நினைவிருந்ததா என்று என்னையே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இல்லை, அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நினைவிருந்தது. ஆனால் ஒரு நிமிட வேலைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று அந்த நினைவை நானே அமுக்கினேன். எனக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் தபாற்கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். தெரியாதவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் மொரிஸை மழைக்குள் ஓட்டி வந்து ஒஸ்டினின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பொனற்றையும் தூக்கி மேலே மழைக்கு ஒரு படங்கை இழுத்துக் கட்டினோம். பழைய கார்களுக்கு வயர் கொடுக்கும்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே முறையில்தான் செய்வார்கள்: லைவுக்கு லைவ், பொடிக்குப் பொடி. லைவ் என்றால் பொடியில் பூட்டாத முனை; அது பிளஸா மைனஸா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எல்லாப் பழைய காரும் ஒரே மாதிரித்தான் என்ற நம்பிக்கை. அண்ணன் பொடி வயரை இரண்டு காரிலும் கடிக்க வைத்தார். லைவ் வயரின் ஒரு முனையை மொரிஸில் பூட்டினார். மறுமுனையைக் கையில் பிடித்தபடி, ஸ்டியரிங்கில் இருந்த என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"எல்லாம் அப்பா தந்த மாதிரித்தானேடா?"

"ஓம்" என்றேன்.

அவர் வயரின் கவ்வியை ஒஸ்டினின் லைவ் முனையில் வைத்தார். பெரிய சத்தம் இல்லை. பொறி ஒன்று பறந்தது. கவ்வி ஒட்டிக்கொண்டுவிட்டது, அண்ணன் இழுக்கிறார், வரவில்லை. வயரின் றப்பர் உருகிச் சொட்டியது. மொரிஸின் பற்றரி மூடி வெடித்து அசிட் அவர் மணிக்கட்டில் தெறித்தது. என் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. அண்ணன் கடைசியில் ஒரு தடியால் அடித்துக் கவ்வியைத் தட்டிவிட்டபோது மொரிஸின் எஞ்சினும் நின்றிருந்தது. இரண்டு காரும் போய்விட்டன. அண்ணன் மணிக்கட்டை மழைக்குள் நீட்டிக்கொண்டு, "நான் மாத்திக் குடுத்திட்டன் போல" என்றார். நான் இறங்கிப் போய் ஒஸ்டினின் பொனற்றை மூடினேன்.

அக்கா கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். எங்களைத் திட்டவில்லை. "ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதீங்க" என்றாள். நாங்கள் சண்டை பிடிக்கவேயில்லை. பழக்கத்தில் சொன்னாள் பாவம்.

டிரக்டர் திரும்பி வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பெட்டிக்குள் கதிரையோடு அவளைத் தூக்கி வைத்தோம். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பாலத்தடியில் வான் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள், செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பின்னேரம் நான்கரைக்கு டொக்டர் வெளியே வந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் அளவுக்கு மேல் போய்விட்டது என்றார். காலையில் வந்திருந்தால் என்று தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் அதை விதி என்று சொல்லிவிட்டு நானும் மற்றவர்களைப்போல் அழுது முடித்திருப்பேன். மூன்றாம் நாள் செத்தவீட்டுச் சனம் குறைந்திருந்த நேரம், அண்ணன் உள்ளே படுத்திருந்தார். நான் கொட்டிலுக்குப் போனேன். ஒஸ்டினின் பொனற்றைத் தூக்கி, பற்றரி வயர்களைக் கழற்றி, அப்பா காலத்தில் இருந்த மாதிரியே திரும்பப் பூட்டினேன். பாட்டுப் பெட்டியைக் கழற்றி ஒரு சாக்குக்குள் போட்டேன். துப்புரவாகச் செய்தேன்.

நான் நினைத்த மாதிரியே அடுத்த நாள் அண்ணன் வந்து பார்த்தார். இரண்டு காரின் பற்றரியையும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி. பிளஸ் பொடியில். அப்படியானால் லைவுக்கு லைவ் கொடுத்தவனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. அவர் கையில்தான் பிழை. வேறு விளக்கம் இல்லாதபடி நான் செய்து வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்த நேரம், யாரும் கேட்காமலே அண்ணன் பேசினார். "அவன்ட கார் நல்ல கார். வெள்ளத்துக்கு அதுதான் சரி. நான்தான் வயர மாத்திக் குடுத்து அக்காவச் சாகடிச்சிப்போட்டன்." ஒரு கிழவி வந்து அவர் கையைப் பிடித்தாள். ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அண்ணனோடு அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை. விமானம் ஏறும் முன் என்னிடம் மட்டும் வந்து, "மாமா, நீங்க கவனமா இருங்க" என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அந்த நேரத்தில்கூட வாய் திறக்கவில்லை.

அண்ணனுக்கு இப்போது எழுபது. சாப்பாடு குறைந்துவிட்டது. மணிக்கட்டில் அசிட் பட்ட இடம் வெள்ளையாக ஆறியிருக்கிறது, பேசும்போது அதைத் தடவிக்கொண்டேயிருக்கிறார். கொட்டில் பக்கம் போவதில்லை. என் மனைவி சொல்கிறாள், அவர் இப்படியே போனால் அடுத்த மாரி காணமாட்டார் என்று. எனக்கும் அது தெரிகிறது. ஒரு வசனம் போதும் அவரை எழுப்ப. அதைச் சொன்னால் அவர் என் முகத்தில் விழிக்கமாட்டார். சொல்லாவிட்டால் செத்துவிடுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் எனக்குச் சாதகமானதையே எடுக்கிறேன்.

கிழமைக்கு ஒரு தரம், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, களுதாவளையிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வருகிறார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு அதே கேள்வி.

"நீ பாத்துக்கொண்டுதானே இருந்தாய். நான் எந்த வயர எதுல குடுத்தன்?"

"மழை அண்ணே. எனக்குச் சரியாத் தெரியல்ல."

அவர் தலையை ஆட்டுவார். கிளாஸை வைத்துவிட்டு எழும்புவார். படலை வரை நானும் போவேன். என் தோளில் கை வைத்து, "நீ யோசிக்காத, உன்னில ஒரு பிழையும் இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.